ஆறு ஐம்பத்திரண்டு மேலப்புளியடி

அந்த நாற்காலி வேண்டாம் டீச்சர், ஒரு கால் ஆட்டம். இந்த ஸ்டூலில் உட்காருங்கள். காற்று வராதுதான். பேப்பர் பறக்கிறது என்று ஃபேனை நான் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்தது. லாபம் தருகிற வலைப்பூ ஒன்றை நடத்துவது எப்படி என்று உங்கள் கல்லூரிப் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு சொர்ணம் ஜெராக்ஸ் உரிமையாளர் நாலு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்கிறேன். ஆனால் நீங்கள் மூன்று மாதம் முன்னால் வந்திருக்க வேண்டும். அப்போது வந்திருந்தால் யாரிடம் வழி கேட்டாலும் கடை வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்து விட்டிருப்பார்கள். இன்றைக்குக் கேட்டபோது சிரித்தார்களா? பஸ் ஸ்டாண்டு வாசலில் இருக்கிற பழக்கடைக்காரன் சிரித்திருப்பான். 'ஆறு அம்பத்திரண்டு அக்கா கடையா' என்று கேட்டிருப்பான். நீங்கள் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். அது என்ன கதை என்று சொல்லத்தானே போகிறேன். அவனிடம் பழம் வாங்கவில்லையே? நல்லது.

முதலில் ஒன்று. நான் ஊருக்குச் சேவை செய்ய வேண்டும் என்று இதை ஆரம்பிக்கவில்லை. எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். நான் எரிச்சலில் ஆரம்பித்தேன்.

கடை பஸ் ஸ்டாண்டுக்கு நேர் எதிரே இருக்கிறதா, ஜெராக்ஸ் எடுக்க ஒரு ஆள் வந்தால் பஸ் நேரம் கேட்க ஒன்பது ஆள் வருவார்கள். "யக்கா, தென்காசி போயிட்டா?" "யக்கா, ராஜபாளையம் எப்ப?" நான் என்ன டைம் கீப்பரா? ஒரு சார்ட் பேப்பரில் எல்லா நேரத்தையும் எழுதி வாசலில் ஒட்டினேன். சார்ட்டுக்கு முன்னாலேயே நின்றுகொண்டு, "யக்கா, தென்காசி எப்ப?" என்றார்கள்.

அப்போதுதான் தவசிக்கனி வந்தான். தவசிக்கனி என் வீட்டுக்காரரின் தம்பி. இங்கிருந்து இரண்டு கடை தள்ளி செல்போன் கடை வைத்திருக்கிறான். "மதினி, இத அப்படியே ஒரு பிளாக்கா போட்டுருவோம். வாரவன் போன்ல பாத்துக்கிடட்டும். உங்க வாய் மிச்சம்" என்றான். ஒரு மணி நேரத்தில் செய்து கொடுத்துவிட்டான். 'பஸ் எப்போ' என்று பெயர் வைத்ததும் அவன்தான். நான் ஒரு காபி வாங்கிக் கொடுத்தேன். இன்றைக்கு ஊர் முழுக்க, "மதினிக்கு பிளாக் தொடங்கிக் குடுத்ததே நாந்தான்" என்று சொல்லித் திரிகிறான். காபியைச் சொல்ல மாட்டான்.

தொடங்குவது ஒரு மணி நேர வேலை. அதற்குப் பிறகு ஒன்பது மாதம் நான் நின்றேன். எழுதிக்கொள்ளுங்கள், நின்றேன். கடையை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, நோட்டும் கையுமாக ஒவ்வொரு நடைமேடையிலும் நின்றேன். ஏனென்றால் போர்டில் இருப்பது நேரம் இல்லை டீச்சர். அது பெயிண்ட். தென்காசி வண்டிக்கு ஏழே கால் என்று எழுதியிருக்கும். அந்த வண்டி ஏழே காலுக்குப் போய் நான் பார்த்ததே இல்லை. கண்டக்டர் ஆபீசுக்குள் போய்க் கையெழுத்துப் போட்டு, அங்கே இருக்கிறவரிடம் ஒரு நியாயம் பேசி, வெளியே வரும்போது ஏழு இருபத்திரண்டு. பதினோரு நாள் பார்த்தேன். ஒன்பது நாள் 7.22. ஒரு நாள் 7.21. ஒரு நாள் 7.40, அன்றைக்கு டயர் பஞ்சர். நான் 7.22 என்று போட்டேன்.

இதுதான் ரகசியம். உங்கள் பெண்களுக்குச் சொல்லுங்கள். எல்லாருக்கும் தெரிந்ததைப் போடாதே. நீ நின்று பார்த்ததைப் போடு.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸிலேயே ஏறிப் போய்விடுவேன். கடைசி ஊர்வரைக்கும் போய், எத்தனை மணிக்குப் போய்ச் சேருகிறது, எத்தனை நிமிஷம் நிற்கிறது, எத்தனை மணிக்குத் திரும்புகிறது எல்லாம் எழுதிக்கொண்டு வருவேன். நாற்பத்தொரு ஊர். முகூர்த்த நாளில் எந்த வண்டி கல்யாணத்துக்குப் போய்விடும், பள்ளிக்கூடம் லீவு விட்டால் எந்த நடை கிடையாது, எல்லாம் என் பிளாக்கில் இருக்கும். ஒரு வருஷத்தில் நாளைக்கு மூவாயிரம் பேர் பார்த்தார்கள். கல்யாண மண்டபக்காரர் தானாக வந்து விளம்பரம் கொடுத்தார். அப்புறம் டியூஷன் சென்டர், அப்புறம் லாலா மிட்டாய்க் கடை. இதோ நிற்கிறதே கலர் மெஷின், இது பிளாக் வாங்கிக் கொடுத்தது. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட என் நேரத்தைப் பார்த்துத்தான் வீட்டிலிருந்து கிளம்பினார்கள். இரண்டரை வருஷத்தில் ஒரு நேரம் தப்பு என்று ஒருத்தர் இந்த வாசலில் வந்து நின்றதில்லை. ஒருத்தர்.

என்ன தம்பி? ஆதாரா? முன்னும் பின்னுமா? ஒரே பக்கத்தில் எடுத்துத் தருகிறேன், இரு.

எங்கே விட்டேன்? ஆமாம். போன வைகாசியில் தவசிக்கனி தனியாக ஒன்று தொடங்கினான். 'நம்ம பஸ்' என்று பெயர். திறந்தால் பஸ் ஹாரன் அடிக்கும். மூலையில் ஒரு பஸ் படம் ஓடிக்கொண்டே இருக்கும். அடித்துவிட்டுப் போகட்டும், ஓடிவிட்டுப் போகட்டும். நான் நேரத்தைப் பார்த்தேன். தென்காசி, காலை 7.22.

ஏழு இருபத்திரண்டு டீச்சர். போர்டைப் பார்த்து எழுதியிருந்தால் ஏழே கால் என்றுதானே இருக்க வேண்டும்? நேராக அவன் கடைக்குப் போனேன்.

"ஏல, இந்த ஏழு இருவத்திரெண்ட நீ எங்க நின்னு பாத்த?"

"எதுக்கு மதினி நிக்கணும்? பஸ்ஸு எல்லாருக்கும் தெரியும்படியாத்தான போகுது."

"நான் பதினோரு நாள் நின்னேன்."

"அதான் நீங்க நின்னாச்சே. ரெண்டு பேரு நின்னா பஸ்ஸு ரெண்டு தடவையா போகும்?"

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்களில் ஒருவனுக்கு நான் முந்தின வாரம்தான் கடனுக்கு லேமினேஷன் போட்டுக் கொடுத்திருந்தேன்.

வீட்டில் வந்து சொன்னால் அவர், "விடு. அவனும் பொழைக்கணும்லா" என்றார். என் வீட்டுக்காரர் பொன்னுத்துரை நல்லவர். தம்பி விஷயத்தில் மட்டும் அவருக்குக் காது கேட்காது. இரண்டு மாதத்தில் மண்டபக்காரர் விளம்பரத்தை எடுத்து அவனிடம் கொடுத்துவிட்டார். "அதுல பஸ் படம் ஓடுதும்மா" என்றார். படம் ஓடுகிறதாம்.

அவன் திருடுகிறான் என்று எனக்குத் தெரியும். ஊருக்குக் காட்ட வேண்டும். எப்படிக் காட்டுவது? உண்மையான நேரம் எல்லாருக்கும் பொது. அதை எடுத்தான் என்று சொன்னால், நானும் பார்த்தேன் என்று சொல்லிவிடுவான். பொய்யான நேரம் என்றால்? அதை யாரும் நின்று பார்த்திருக்க முடியாது. என்னிடமிருந்து எடுத்தால்தான் உண்டு.

நீங்கள் கணக்கு டீச்சரா? இல்லையா. கணக்கு டீச்சராக இருந்தால் இந்த இடத்தில் என்னைப் பாராட்டியிருப்பீர்கள்.

நன்றாக யோசித்து ஊரைத் தேர்ந்தெடுத்தேன். பெரிய ஊராகப் போட்டால் ஆட்கள் ஏமாறுவார்கள். எனக்கு மனசாட்சி இருக்கிறது. மேலப்புளியடி என்று ஒரு ஊர். கல்லத்தி முக்கில் இறங்கி உள்ளே நாலு கிலோமீட்டர். நாளைக்கு மூன்று நடைதான், கடைசி வண்டி சாயங்காலம் ஐந்தே கால். அந்தப் பக்கத்தை மாதத்துக்கு ஆறு பேர் பார்ப்பார்கள், அதில் இரண்டு பேர் நானும் தவசியும். அதில் ஒரு வரி சேர்த்தேன். மாலை 6.52, மேலப்புளியடி. ஆறு ஐம்பது என்று போட்டால் யாரோ குத்துமதிப்பாகச் சொன்னது போல இருக்கும். ஆறு ஐம்பத்திரண்டு என்றால் நான்.

மூன்றாவது நாள் அவன் பக்கத்தில் இருந்தது. மாலை 6.52, மேலப்புளியடி. பக்கத்திலேயே 'புதிது' என்று சிவப்பில் மின்னிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு நான் இரண்டு தட்டு இட்லி சாப்பிட்டேன்.

இரண்டு பக்கத்தையும் தேதியோடு கலரில் பிரிண்ட் எடுத்து வைத்தேன். அடுத்த மாதம் ஐந்தாம் தேதி வியாபாரிகள் சங்கக் கூட்டம். எல்லாக் கடைக்காரர்களும் வருவார்கள், மண்டபக்காரர், லாலா கடைக்காரர் எல்லாரும். அங்கே வைத்துத் திறப்பது என்று முடிவு செய்தேன். அதற்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அதுவரைக்கும் அந்த வரி என் பக்கத்திலும் இருக்க வேண்டும், அவன் பக்கத்திலும் இருக்க வேண்டும். நான் எடுத்தால் அவனும் எடுத்துவிடுவான். அப்புறம் வெறும் பேப்பரை வைத்துக்கொண்டு நான் என்ன பேச? கலர் மெஷின் உங்களிடம்தானே இருக்கிறது, நீங்களே அடித்திருப்பீர்கள் என்று சொல்வான்.

பன்னிரண்டு நாள்தான் டீச்சர். அதில் ஐந்து நாள் ஒரு தொந்தரவும் இல்லை.

ஆறாவது நாள், ஏழு மணிக்கு நான் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன். ஒரு பெண் வந்து குனிந்து பார்த்தாள். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதிருக்கும். அய்யாத்துரை அண்ணாச்சியின் ஜவுளிக்கடை யூனிபார்ம் சேலை, கையில் சாப்பாட்டுப் பை.

"யக்கா, ஆறு அம்பத்திரண்டு போயிட்டா?"

எனக்கு ஒரு நிமிஷம் புரியவே இல்லை. எந்த ஊர் என்று கேட்டேன். மேலப்புளியடி என்றாள். பெயர் முத்துப்பேச்சி என்று அப்புறம் தெரிந்தது. அந்த ஊர்ப் பெண்களை டவுனில் யாரும் வேலைக்கு வைப்பதில்லை, ஐந்தே கால் பஸ்ஸுக்கு ஓடிவிடுவார்கள் என்று. இவள் என் பிளாக்கை அண்ணாச்சியிடம் காட்டி, "ஆறு அம்பத்திரண்டுக்கு பஸ் விட்டிருக்காங்க, நான் ஆறரை வரைக்கும் நிப்பேன்" என்று சொல்லி வேலையில் சேர்ந்திருக்கிறாள். அன்றைக்கு முதல் நாள்.

நீங்களே சொல்லுங்கள், நான் என்ன செய்ய முடியும்? அப்படி ஒரு பஸ் இல்லை என்று சொல்லலாம். சொன்னால் அவள் நேராகத் தவசி கடைக்குப் போவாள். இல்லை, யாரிடமாவது சொல்வாள், அது தவசிக்குப் போகும். இரண்டு கடைதானே. எல்லாம் போச்சு. "இன்னிக்கு வராதும்மா, வண்டி ரிப்பேர்" என்றேன்.

பொய் இல்லை. வராதுதானே?

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். கல்லத்தி முக்குவரைக்கும் ஒரு செங்கல் லாரியில் ஏறிப் போய், அங்கிருந்து நாலு கிலோமீட்டர் செல்போன் வெளிச்சத்தில் நடந்திருக்கிறாள். இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால்? தெரியவில்லை டீச்சர். அதை நான் எப்படி இப்போது சொல்ல முடியும்?

மறுநாளும் வந்தாள். "யக்கா, இன்னிக்கு?" இன்றைக்கும் ரிப்பேர் என்றேன். "நாளைக்கு வந்துருமாக்கா?" பார்க்கலாம் என்றேன். அன்றைக்கு அவள் அண்ணன் பைக்கில் வந்து கூட்டிப் போனான். மூன்றாம் நாள் வாய் திறந்து கேட்கவில்லை. நடைமேடையில் நின்றுகொண்டு கடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையை ஆட்டினேன், இல்லை என்று. அவ்வளவு தூரத்திலிருந்து வணக்கம் போல ஒன்று வைத்தாள்.

வீட்டில் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை அப்படியே வைத்துக்கொண்டு, "அந்தப் புள்ளைட்ட சொல்லிரு" என்றார்.

"இன்னும் நாலு நாளுதான். கூட்டம் முடியட்டும்."

"அந்தப் புள்ளைட்ட சொல்லிரு சொர்ணம்."

"உங்க தம்பிக்குத்தான பேசுதீங்க?"

அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பாதிச் சோறு அப்படியே இருந்தது. அரிசி என்ன விலை விற்கிறது.

நாலாம் நாளும் ரிப்பேர் என்றேன். "எத்தன நாளுக்கா ரிப்பேரு?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "அவங்களுக்குத்தாம்மா தெரியும்" என்றேன். ஐந்தாம் நாள் அவள் வரவில்லை. நல்லது, ஏதோ வழி செய்துகொண்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் தேதி சாயங்காலம் சங்கக் கட்டடம் நிறைந்திருந்தது. நான் பிரிண்டுகளை அட்டையில் ஒட்டிக் கொண்டுபோயிருந்தேன். என் முறை வந்ததும் எழுந்து நின்று, தவசிக்கனி இரண்டரை வருஷ உழைப்பைத் திருடுகிறான் என்று சொன்னேன். நிரூபிக்க முடியுமா என்று செயலாளர் கேட்டார். அட்டையைத் தூக்கிக் காட்டினேன். "ஆறு ஐம்பத்திரண்டு, மேலப்புளியடி. இப்படி ஒரு பஸ்ஸே கிடையாது. நானாகப் போட்டது. இவன் என்னிடமிருந்து எடுத்ததற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?" என்றேன்.

கைதட்டுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இதையும் எதிர்பார்க்கவில்லை. கடைசி வரிசையிலிருந்து அய்யாத்துரை அண்ணாச்சி எழுந்தார்.

"இல்லாத பஸ்ஸா அது?"

"ஆமா அண்ணாச்சி."

"அதை நம்பித்தானம்மா எங்க கடைக்கு ஒரு புள்ள வேலைக்கு வந்துச்சு. நல்லா வேல பாக்குற புள்ள. நாலு நாளு ராத்திரி வீட்டுக்குப் போகப் பாடாய்ப் பட்டு, அவங்க அய்யா முந்தாநாள் வேலையே வேண்டாம்னு நிறுத்திட்டாரு. உன்ட்ட வந்து கேட்டதாச் சொல்லுச்சே. நீ ரிப்பேருன்னு சொன்னியாமே."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தவசியைக் காட்டி, "அவனும்தான் போட்டிருக்கான், அவன்ட்ட கேளுங்க" என்றேன்.

தவசி எழுந்தான். முகம் செத்துப்போயிருந்தது. "நான் எடுத்தது தப்புதான். இல்லைங்கல. மதினி போட்டா சரியாத்தான் இருக்கும்னு எடுத்தேன்" என்றான். அங்கேயே போனை எடுத்து அந்த வரியை அழித்தான். அழித்துவிட்டு, "நீங்களும் எடுத்துருங்க மதினி" என்றான்.

பார்த்தீர்களா எவ்வளவு சாமர்த்தியம் என்று? திருடிப் பிடிபட்டவன் அவன். ஆனால் கூட்டம் முடிந்ததும் அவன் தோளில்தான் கை போட்டுக்கொண்டு போனார்கள்.

இரண்டு நாள் கழித்து முத்துப்பேச்சி வந்தாள். கடையில் ஆள் இருந்தது. ஆள் போகும்வரைக்கும் ஓரமாக நின்றாள். பிறகு கேட்டாள்: "யக்கா, நாலு நாளும் உங்ககிட்டதான கேட்டேன்?"

அவ்வளவுதான். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், எனக்கு அது நன்றாக வரும். அவள் பதிலுக்குக்கூட நிற்காமல் போய்விட்டாள். நான் உன்னை வேலையில் சேரச் சொன்னேனா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ரோட்டைத் தாண்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு பிளாக் விழுந்தது. மூவாயிரம் இரண்டாயிரம் ஆனது, ஆயிரம் ஆனது. கீழே கருத்து எழுதுகிற இடத்தில், 'இதுவும் 6.52 மாதிரியா அக்கா?' என்று போட்டார்கள். ஊரில் யாராவது புளுகினால், "ஆறு அம்பத்திரண்டு விடாத" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். லாலா கடைக்காரரும் போனார், டியூஷன்காரரும் போனார். என் வீட்டுக்காரர் என்னோடு பேசுவது குறைந்துபோயிற்று. "அந்த ஒரு வரியை எடுத்துத் தொலையேன்" என்று மட்டும் ஒரு நாள் சொன்னார்.

எடுக்க மாட்டேன். எடுத்தால் என் பிளாக்கில் ஒரு தப்பு இருந்தது என்று ஆகிவிடும். இரண்டரை வருஷம் நின்று சேர்த்த பெயர். வரியை எடுக்காமல் தப்பை எடுக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. அந்த பஸ் ஓட வேண்டும்.

சிரிக்காதீர்கள் டீச்சர். அவர்களும் சிரித்தார்கள்.

மேலப்புளியடிக்குப் போனேன். வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினேன். மத்தியான வெயிலில் ஒரு வீட்டில் ஒரு செம்பு தண்ணீர் தரவில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டார்கள், பஸ் வேண்டுமே. அறுபத்தொரு கையெழுத்து. முத்துப்பேச்சியின் அப்பா மட்டும் பேனாவை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் என்னைப் பார்த்தார். "நீதானா அது?" என்றார். நான்தான் என்றேன். போட்டார். மொத்தத்தையும் ஜெராக்ஸ் எடுத்து, திங்கள்கிழமை மனு நாளில் போய் வரிசையில் நின்றேன். அடுத்த திங்கள்கிழமையும் நின்றேன். ஐந்து திங்கள்கிழமை. டெப்போவுக்கு எத்தனை தடவை போனேன் என்று எனக்கே தெரியாது. கடைசியில் கொடுத்துவிட்டார்கள். சாயங்காலம் மேலப்புளியடிக்கு ஒரு நடை. எத்தனை மணிக்கு? ஆறரைக்கு.

"ஆறு ஐம்பத்திரண்டுக்கு எடுங்கள் சார்" என்றேன். "நீங்க பிளாக்ல போட்ட நேரத்துக்கெல்லாம் கவர்மென்ட் பஸ் ஓட்ட முடியாதும்மா. உங்களுக்கு வண்டி விட்டதே பெரிசு" என்றார் மேனேஜர்.

முத்துப்பேச்சி திரும்பவும் வேலைக்கு வந்துவிட்டாள். அண்ணாச்சியே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். ஆனால் ஜவுளிக்கடையில் ஆறரைக்குத்தான் விடுவார்கள். விரித்த சேலையெல்லாம் மடித்து வைத்துவிட்டு நடந்து வர, ஆறு ஐம்பது ஆகிவிடும். முதல் நாள் அவள் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போது வண்டி போய் இருபது நிமிஷம் ஆகியிருந்தது. இங்கிருந்து நான் பார்த்தேன்.

அதனால் மறுநாள் நானே போனேன். வண்டி புறப்படுகிற நேரம் பார்த்து ஏறிப் படியில் நின்றுகொண்டு, இலவச டிக்கெட்டில் ஊர்ப் பெயர் சரியாக விழவில்லை என்று கண்டக்டரைப் பிடித்தேன். எனக்கு அன்றைக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை. அவர், "எறங்கும்மா" என்கிறார். படியில் ஆள் நிற்கும்போது வண்டியை எடுக்கக் கூடாது, அது விதி. மறுநாள் முன்பக்கத்து ஊர் போர்டில் லைட் எரியவில்லை என்று. அதற்கு மறுநாள் ஜன்னல் கண்ணாடி உடைந்திருக்கிறது, மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று. நேற்று மகளிர் இலவசப் பயணத்தின் விதிகளை முழுக்கச் சொல்லச் சொன்னேன். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார். உள்ளே இருக்கிறவர்கள், "இந்தப் பொம்பளைக்குத் தினமும் என்ன வந்தது?" என்று ஏசுவார்கள். ஒரு கிழவர் குடையால் என் முதுகில் இடித்தார். "எம்மா, உங்களுக்கு என்னதான் வேணும்?" என்று கண்டக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு இருபத்திரண்டு நிமிஷம் வேண்டும். அதை அவரிடம் சொல்ல முடியுமா?

தவசி இப்போது அவன் பக்கத்தில் என்ன போட்டிருக்கிறான் தெரியுமா? 'மேலப்புளியடி, மாலை 6.30. மதினி ஏறினால் 6.52.' ஊரே பார்த்துச் சிரிக்கிறது. சிரிக்கட்டும். இந்தத் தடவை அவன் என்னிடமிருந்து எடுக்கவில்லை, நின்று பார்த்து எழுதியிருக்கிறான். அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆறு ஐம்பது, ஐம்பத்தொன்றுக்கு அவள் வருவாள். என் முகத்தைப் பார்க்க மாட்டாள். "வழி விடுங்க" என்பாள். கூட்டத்துக்குப் பிறகு அவள் என்னோடு பேசுகிற பேச்சு அது ஒன்றுதான். நான் இறங்குவேன். வண்டி கிளம்பும். நான் நோட்டில் எழுதுவேன், 6.52. பன்னிரண்டு நாளாக ஒரு நிமிஷம் பிசகவில்லை.

என்ன கேட்டீர்கள்? அந்தப் பெண்ணுக்காகவா? அவளுக்காக நான் ஏன் டீச்சர் ஊரிடம் ஏச்சு வாங்க வேண்டும்? என் கடையில் ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோகூட எடுத்தவள் இல்லை அவள். என் பிளாக்கில் ஒரு நேரம் தப்பாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான். உங்கள் கல்லூரி மலரில் அப்படியே போடுங்கள், 'பஸ் எப்போ'வில் இருக்கிற எந்த நேரமும் தப்பு இல்லை, வந்து நின்று பார்த்துக்கொள்ளலாம் என்று.

சரி, எழுந்திருங்கள், ஆறரை ஆகப்போகிறது, ஷட்டரை இறக்க வேண்டும். அந்த நோட்டை ஏன் புரட்டுகிறீர்கள்? நேற்றைய தேதிக்கு நேரே ஒன்றும் எழுதவில்லைதான். நேற்று ஏழு மணி நாலு நிமிஷம் ஆகிவிட்டது. ஜவுளிக்கடையில் சரக்கு இறங்கியிருக்கிறது, அவள் வரத் தாமதம். அந்த ஒரு நாளை நான் கணக்கில் எடுக்கவில்லை. நீங்களும் எழுதாதீர்கள்.